காற்றில்லாமல் கற்ற பியூக்

ஆர்கன் என்பது காற்றினால் ஒலிக்கும் கருவியாகும். விரலால் கட்டையை அழுத்துவதனால் மட்டும் அதில் ஓசை பிறந்துவிடாது. கருவியின் பின்புறத்தில் ஒருவர் நின்று, நீண்ட கைப்பிடியை ஏற்றியும் இறக்கியும் துருத்தியை நிரப்ப வேண்டும். அக்காற்று குழல்களுக்குள் புகுந்த பின்னரே இசை உண்டாகும். காற்று இல்லாத வேளையில் எத்துணைத் தேர்ச்சி பெற்றவர் வாசித்தாலும், மரத்தோடு மரம் மோதும் தட்டொலியைத் தவிர வேறொன்றும் கேளாது. இதனை முதற்கண் கூறிவிடுவது முறையாகும். ஏனெனில் எனக்கு இழைக்கப்பட்ட தீங்கு முழுவதும் காற்றில்லாத ஒரு காலத்தில் இழைக்கப்பட்டது.

என் பெயர் சவரிராயன். பொன்மலை ரயில்வே பணிமனையில், பித்தளை வார்ப்புப் பிரிவில் எனக்கு வேலை. திருமணம் ஆன பின்னரே நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ்ப் பாடநூல்களை முடித்தபின் ஆங்கில அரிச்சுவடியையும், அது முடிந்தபின் ஐந்து கோடுகளின்மேல் புள்ளியிட்டு எழுதப்படும் மேனாட்டு இசையெழுத்தையும் கற்றேன். திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் இருந்த எங்கள் பங்குக் கோயிலில் ஆர்கன் வாசித்துவந்த தொம்மை வாத்தியார் இறந்தபோது, அந்தப் பலகையில் அமரத் தகுதியுடையவன் நான் ஒருவனே இருந்தேன். சிறு வயதில் கற்றவனுக்கு விரல் தானாக ஓடும். நடு வயதில் கற்றவன் ஒவ்வொரு விரலுக்கும் கட்டளை இட வேண்டும். நான் கட்டளை இட்டேன், விரல்கள் கீழ்ப்படிந்தன. இதில் எனக்குப் பெருமை உண்டு. அதனை மறைப்பதற்கில்லை.

வாத்தியாரின் பெட்டியிலிருந்து, மேலட்டை கிழிந்த ஓர் இசைத்தாள் கட்டு கிறிஸ்துமஸ் கழிந்த பின் என் கைக்கு வந்தது. டி மைனர் என்னும் மேனாட்டுச் சுரவரிசையில் அமைந்த ஒரு பிரெலூடும் பியூகும் அதில் இருந்தன. இயற்றியவர் பெயர் அட்டையோடு போய்விட்டது. ஓரங்களில் இருந்த ஜெர்மன் மொழிக் குறிப்புகளைக் கொண்டு, சென்ற நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகலாம் என்று மட்டும் ஊகித்தேன். பிரெலூட் முன்னே வரும் பகுதி. வீட்டிற்குள் நுழையுமுன் கால் கழுவுவதை ஒக்கும். பியூக் என்பது வீடு. அதில் ஒரு குரல் தனியே ஒரு சிறு கருத்தைச் சொல்லும். அது சொல்லி முடித்ததும் இரண்டாவது குரல் அதே கருத்தை வேறொரு உயரத்தில் பற்றிக்கொள்ளும், பின்னர் மூன்றாவது, கடைசியில் காலால் அழுத்தும் கட்டைகளில் நான்காவது.

அக்காலத்து இசை ஒரே நிறத்தில் நில்லாது. ஒரேயொரு மெல்லிய குழல்வரிசையில் தொடங்கி, வரிசைமேல் வரிசையாகச் சேர்ந்து, முடிவில் சுவர் அதிரும் வரை பெருகும். வரிசைகளைத் திறப்பதற்கு ஸ்டாப் எனப்படும் மரக்குமிழ்களை இழுக்க வேண்டும். வாசிப்பவனின் இரு கைகளும் இரு கால்களும் வேலையில் இருக்கையில், குமிழை இழுக்க ஐந்தாவது கை எங்கிருந்து வரும்? ஆகவே அவ்விசைக்கு இன்னொருவர் வேண்டும். அவர் வாசிப்பவனின் இடப்பக்கத்தில் நின்று, அவன் மூச்சை அறிந்து இழுப்பவராக இருத்தல் வேண்டும்.

எனக்கு அவ்வாறு வாய்த்தவர் ஸ்ரீரங்கத்துச் சாரங்கபாணி ஐயங்கார்.

அவர் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிக ஆய்வுக்கூடத்தில் செய்முறை கற்பிப்பவர். குழல்களின் நீளத்தை அளந்து, ஒலியைப் பற்றிய பாடத்திற்குப் பயன்படுத்த எண்ணி, பங்குக் குருவிடம் அனுமதி பெற்று, ஆர்கன் இருந்த மாடத்திற்கு ஏறிவந்தார். அளந்து முடித்தார். ஆனால் இறங்கிப் போகவில்லை. நான் பிரெலூடின் முதற்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், குமிழ்களைப் பார்த்தார், பின் நான் கேளாமலே உரிய இடத்தில் ஒரு குமிழை இழுத்தார்.

"இதைத்தானே இழுக்கச் சொல்றது?" என்றார்.

"அதேதான் சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீர் அந்த இடம் வரப்போ ஒரு தரம் மூச்சைப் பிடிச்சீர், ஓய். ஏதோ போறலைன்னு தெரிஞ்சுது."

அன்று முதல், பணிமனைச் சங்கு ஊதி நான் வந்து சேரும் மாலைப்பொழுதுகளில் அவர் மாடத்தில் இருப்பார். பெருமாள் சன்னிதியில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் அவர் குடும்பத்திற்கு இடம் உண்டு. ஓதுவோர் இரு வரிசையாக நிற்பதும், ஒரு வரிசை விட்ட இடத்தில் மறு வரிசை பிடிப்பதும் அவருக்குக் குழந்தைப் பருவம் முதல் பழக்கம். ஆகையால் பியூக் அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

"எங்க கோஷ்டியிலே ரெண்டு வரிசை. ஒருத்தர் முடிக்கற வரைக்கும் அடுத்தவா காத்துண்டிருப்பா. இங்கே நாலு பேர், ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது," என்றார் ஒருநாள்.

"காத்திருந்தா அது பியூக் இல்ல சார்."

"தெரியறது. எங்காத்துலே நாலு தங்கைகள் இருக்கா."

மாடத்திலிருந்து இறங்கியதும் அவர் நேரே காவிரிக்குச் சென்று நீராடிய பின்னரே வீட்டிற்குப் போவார். உங்கள் துருத்தித் தூசிக்கே இரண்டு முழுக்குப் போட வேண்டியிருக்கிறது என்று சிரிப்பார். தம் தந்தையிடம் கல்லூரியில் வேலை இருப்பதாகச் சொல்லிவந்தார். அவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்பதை நான் அன்பின் அடையாளமாகக் கொண்டேன். பொய் சொல்லத் தெரிந்தவர் என்று கொள்ளவில்லை.

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளன்று, பாட்டுப்பூசை முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில், பிரெலூடையும் பியூகையும் நான் முழுமையாக வாசிப்பதென்று பங்குக் குரு பெர்னார்து சாமியார் இசைவு தந்தார். அந்த ஆண்டு மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாரும் வருவதாக இருந்தது. என் வாழ்வில் நான் விரும்பியது அதற்கு முன்னும் பின்னும் அது ஒன்றே. எழுத்துக் கூட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அனைவரும் அன்று அக்கோயிலில் இருப்பார்கள்.

பிரெலூட் விரைவில் கைவந்தது. பியூகின் கைப்பகுதியையும் வீட்டு ஆர்மோனியத்தில் ஒருவாறு பழகினேன். கால்பகுதியை ஆர்கனில் அன்றி வேறெங்கும் பழக இயலாது. அதனைத் தொடங்குமுன், தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதன் வந்துவிட்டது. தவக்காலம் முழுவதும் ஆர்கன் ஒலிக்கலாகாது என்பது எங்கள் பங்கின் கண்டிப்பான வழக்கம். பெரிய வியாழனன்று காலைப் பூசையில் 'குளோரியா' என்னும் புகழ்ப்பாடலைப் பாடும்போது மட்டும் ஒலித்து, மறுபடி மௌனமாகிவிடும். பெரிய சனிக்கிழமை காலையில்தான் மீண்டும் விழிக்கும். துருத்திக் கைப்பிடியை இயக்கும் மூக்கன்கூட அக்காலத்தில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போய்விடுவான்.

என் நெற்றியில் இருந்த சாம்பல் சிலுவையைப் பார்த்து, "உங்களுக்கும் விபூதியா? நாங்க அதுலேர்ந்து தப்பிச்சு ஆயிரம் வருஷம் ஆச்சு, இங்கே வந்து மாட்டிண்டேனே," என்றார் சாரங்கபாணி.

"சார், நாப்பது நாளைக்குக் காத்து கிடையாது. பியூகை எப்படிப் பழகுறது?"

அவர் சற்று யோசித்தார். "சத்தம்தானே கூடாது? கட்டையை அமுக்கப்படாதுன்னு இல்லையே?"

இவ்வாறு எங்கள் ஏற்பாடு அமைந்தது. காற்றில்லாத ஆர்கனில் நான் வாசிப்பேன். அவர் குமிழ்களை இழுப்பார். கைவிரல்களை நானே கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கால்களைப் பார்க்க இயலாது. தாளை விட்டுக் கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும். அன்றியும், குனிந்து காலைப் பார்ப்பவன் ஆர்கன் வாசிப்பவன் ஆகான் என்பது தொம்மை வாத்தியாரின் முதற்பாடம். ஓசை இருந்தால் காது கண்டுபிடித்துவிடும். ஓசை இல்லாதபோது, என் கால் எந்தக் கட்டையில் விழுகிறது என்பதை அறிய அவர் கண்கள் மட்டுமே இருந்தன.

"சார், ஒவ்வொரு வரி முடிஞ்சதும் சொல்லணும். கால் சரியா விழுந்தா சரின்னு சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. தாட்சண்யம் பார்க்கக் கூடாது."

"சொல்றேன், ஓய்."

கடினமான இடம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே பியூகின் கருத்து இரட்டிப்பு நீளத்தில் கால்களில் இறங்கும். கட்டைக்குக் கட்டை, வெள்ளையும் கறுப்புமாக ஒட்டி ஒட்டிக் கீழிறங்கும் நடை அது. இடக்கால் வலக்காலின் பின்னால் மறைந்து சென்று ஒரு கறுப்புக் கட்டையைத் தொட வேண்டும். அங்கே தவறினால் அடுத்து வருவன எல்லாம் ஒவ்வொரு கட்டை தள்ளியே விழும். முதல் வாரத்தில் அவர் இரு முறை "தப்பு" என்றார். நான் திரும்பத் திரும்பப் பழகினேன். அதன் பின்னர் "சரி" என்றார். அடுத்த நாளும் "சரி". ஒருநாள் "பேஷ், சரி" என்றார். தட்டொலி நிறைந்த அந்த மாடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இசை அச்சொல்தான். நான் அதனைக் கொண்டே பியூகைக் கட்டினேன்.

"தூக்கத்துல காலை உதைக்கிறீங்க. நேத்து என் முழங்காலுக்கு ஒண்ணு விழுந்துச்சு," என்றாள் என் மனைவி ரோசரி.

"எந்தக் கால்?"

"இடது. ஏன், அதுவும் பாட்டா?"

"அதுதான் கஷ்டமான இடம்."

"அப்ப நல்லாத்தான் பழகியிருக்கீங்க," என்று அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

பாஸ்குவுக்கு முந்திய பெரிய வாரத்துப் புதன்கிழமை. மறுநாள் குளோரியாவுக்காகத் துருத்தியைச் சரிபார்க்கச் சென்றேன். மூக்கன் மாடத்துப் படியில் அமர்ந்து தோளில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மில்லுல மூட்டை அதிகமா?" என்று கேட்டேன்.

"மில்லா? இந்தத் தவசுக்கு நான் மில்லுக்கே போகலையே அண்ணே. எல்லாம் இந்தத் துருத்திதான். மத்தியானம் ஆனா அந்த மெட்ராசுத் தொரை வந்து உக்காந்துடுறாரு. எழுந்திருக்கவே மாட்டேங்குறாரு. கதவு சன்னலையெல்லாம் சாத்திட்டு ஒரே புழுக்கம்."

"எந்த மெட்ராஸ் துரை?"

அவன் எண்ணெய்க் கையோடு என்னை ஏறிட்டுப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன் அண்ணே. டிகாஸ்டா தொரை. ரெண்டு வாரமா வர்றாரு. நீங்க பழகுற அதே பாட்டுதான். கடேசியில தோளு கழண்டுபோற மாதிரி காத்துக் கேக்குமே, அது."

"அந்தப் பாட்டுக்கு ஸ்டாப் இழுக்க ஆள் வேணுமே."

"நம்ம ஸ்ரீரங்கத்து ஐயங்காருதான்," என்றான் மூக்கன். பிறகு தோளைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலை குளோரியாவை வாசித்தேன். அன்று என் இடப்பக்கத்தில் ஒருவரும் இல்லை; குளோரியாவுக்கு ஒருவர் தேவையுமில்லை. பாட்டு முடிந்ததும் மணிகளும் ஆர்கனும் வழக்கப்படி வாயடைத்தன. பூசை கழிந்தபின் பெர்னார்து சாமியாரின் அறைக்குச் சென்றேன். அவர் என்னை எதிர்பார்த்தவராகக் காணப்பட்டார்.

"உக்காரு சவரி. நானே சொல்லணும்னு இருந்தேன். மேற்றிராணியார் வர்றாரு. பெரிய மனுஷங்க வருவாங்க. நீ பிரெலூடை வாசி. பியூகை மெட்ராசுலேர்ந்து நான் வரவழைச்ச அந்தப் பையன் டிகாஸ்டா வாசிக்கட்டும். எட்டு வயசுலேர்ந்து படிச்சவன்."

"எனக்குச் சொன்ன வார்த்தை என்ன ஆச்சு சாமி?"

"சொன்னேன். இல்லேங்கல. ஆனா விஷப்பரீட்சை பண்ண முடியுமா? உன்னால முடியுமான்னு உன் சிநேகிதரையே கேட்டேன். உள்ளதைச் சொல்லுங்கன்னேன். பிரெலூட் முடியும், பியூக் முடியாது, கால் தப்பா விழுதுன்னு அவர்தான் சொன்னாரு."

"தவக்காலத்துல காத்து அடைக்கலாமா சாமி?"

அவர் தம் செபப் புத்தகத்தை ஒரு முறை மூடித் திறந்தார். "கதவைச் சாத்திக்கிட்டுத்தானே," என்றார்.

அன்று பிற்பகல் முழுதும் நற்கருணைமுன் முழந்தாளில் இருக்க வேண்டியவன் நான். அதற்கு மாறாக, சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். பாஸ்குவைக் கணிக்கும் நிலவும் பங்குனி உத்திரத்தைக் கணிக்கும் நிலவும் பெரும்பாலும் ஒன்றே ஆகையால், அந்த ஆண்டு அவர்களுடைய சேர்த்தித் திருநாளும் எங்கள் பெரிய வியாழனும் ஒரே நாளில் வாய்த்திருந்தன. பெருமாள் உறையூர் நாச்சியாரிடம் போய் வந்ததற்காக ஸ்ரீரங்கத்துத் தாயார் கதவைச் சாத்தி, பூவால் அடித்து, பின்னர் ஆழ்வார் வந்து சமாதானம் பேசிய பிறகே திறக்கும் நாள் அது. இக்கதை எங்கள் ஊரில் எல்லா மதத்தாருக்கும் தெரியும். வீதிகளில் நடக்க இடமில்லை. உள்ளே செல்லும் உரிமை எனக்கு இல்லாமையால், தெற்குக் கோபுர வாயிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெயில் சாய்ந்தபின் அவர் வந்தார். ஈர வேட்டி, மார்பிலும் தோளிலும் பன்னிரு நாமங்கள், ஓதி ஓதிக் கம்மிய தொண்டை. என்னைக் கண்டதும் அவர் நடை தளர்ந்தது.

"மூக்கன் சொன்னானா?" என்றார்.

"மூக்கன் தோள் சொல்லிச்சு."

அவர் வாயிலின் நிழலுக்கு ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன்.

"ரெண்டு தடவை தப்புன்னு சொன்னேன் சவரி. உம்ம முகம் போன போக்கைப் பார்த்தேன். மூணாம் தடவை வாய் வரலை. கோஷ்டியிலே பக்கத்துலே நிக்கறவருக்கு அடி தப்பினா நாங்க திருத்தமாட்டோம், ஓய். இன்னும் உரக்கச் சொல்லி அதை மூடிடுவோம். எங்கப்பா அப்படித்தான் பழக்கினார். உமக்கும் அப்படிப் பண்ணிடலாம்னு நெனைச்சேன். கடைசிப் பக்கத்துலே எல்லா ஸ்டாப்பையும் இழுத்துட்டா ஒரு கால் தப்பினது யாருக்குக் கேக்கும்?"

"எனக்குக் கேட்கும் சார்."

அவர் கோபுர வாயிலைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, எங்கிட்ட மூடுனீங்க. சாமியார்கிட்ட ஏன் திறந்தீங்க?"

"அவர் நேருக்கு நேர் கேட்டார். ஒரு குருக்கள், அவர் கோயில்லே வெச்சுக் கேக்கறார்."

"நானும் நேருக்கு நேர்தான் கேட்டேன். தாட்சண்யம் பார்க்காதீங்கன்னு கேட்டேன். அதே கோயில்லதான்."

ஒரு பூக்காரி எங்களை இடித்துக்கொண்டு போனாள். அவர் தம் மேல்துணியின் ஓரத்தை விரலில் சுற்றினார், பின் அவிழ்த்தார்.

"அந்தப் பையனுக்கு ஏன் ஸ்டாப் இழுத்தீங்க? அதைச் சொல்லுங்க. அது மட்டும் எனக்குப் புரியல."

அவர் விடை கூறினார். "எனக்குச் சத்தம் கேக்கணும்னு இருந்துது. வாரக் கணக்கா உம்மோட நின்னு கட்டை சத்தத்தையே கேட்டுண்டிருந்தேன். எங்கே எது ஏறும்னு எல்லாம் தெரியறது. ஒண்ணும் காதுலே விழலை. அவன் வந்து உக்காந்து காத்தோட வாசிச்சான். என்னாலே விட்டுட்டுப் போக முடியலை."

இவ்விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் பொய் கூறியிருந்தால் என்னால் வெறுக்க முடிந்திருக்கும். அது உண்மையாக இருந்தது. நானும் அதே ஓசைக்காகவே காத்திருந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு முன்னே சென்று கேட்டுவிட்டார்.

சற்றுப் புன்னகையை வரவழைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தாயாரே கதவைத் திறந்துட்டா, ஓய்," என்றார்.

"அங்க சமாதானம் பேச ஆழ்வார் இருந்தாரு," என்று கூறிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

பெரிய வெள்ளியன்று நான் வீட்டை விட்டு நகரவில்லை. ரோசரியிடம் அனைத்தையும் கூறினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "கால் உண்மையிலேயே தப்பா விழுதா?"

அந்தக் கேள்விக்கு விடை காணும் துணிவு சனிக்கிழமை காலையில்தான் எனக்கு வந்தது. குளோரியாவோடு மணிகளும் ஆர்கனும் மீண்டும் விழித்தன. பூசை முடிந்து மக்கள் சென்ற பின், மூக்கனைச் சற்று இருக்கச் சொன்னேன். குமிழ் இழுக்க ஒருவரும் இல்லாமையால் ஒரேயொரு வரிசையைத் திறந்து வைத்துப் பியூகைத் தொடங்கினேன். முதற்குரல் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. கைகள் பொய்க்கவில்லை. அவ்வோசையை ஆர்கனில் முதன்முறையாகக் கேட்டேன். பின்னர் கடைசிப் பக்கம் வந்தது. இடக்கால் வலக்காலின் பின்னால் சென்று, இறங்கி, பக்கத்து வெள்ளைக் கட்டையில் அமர்ந்தது.

இரும்புத் தகட்டை இழுத்தாற்போன்ற ஓர் ஓசை எழுந்தது. நான் நிறுத்தினேன். மீண்டும் தொடங்கினேன். இப்போது என் தவறு எனக்குத் தெரியும். எனினும் கால் அங்கேயே சென்றது. மெதுவாக வாசித்தேன், சென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன், சென்றது. தவக்காலம் முழுவதும், மாலைதோறும், 'சரி' என்ற சொல்லின் காவலில் நான் அந்தத் தவறைப் பழகியிருந்தேன். அது தூக்கத்திலும் மறவாத அளவுக்கு எலும்பில் ஏறியிருந்தது. நடு வயதில் கற்றவனின் உடம்பு ஒன்றை எளிதில் கற்காது. கற்றதை எளிதில் விடவும் விடாது. முதல் வாரத்திலேயே அவர் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் 'தப்பு' என்று கூறியிருப்பாராயின், நான் திருத்திக்கொண்டிருப்பேன். எனக்கு முடியாது என்று அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அதனை மெய்யாக்கியவர் அவரே.

துருத்திக்குப் பின்னாலிருந்து மூக்கன், "நிறுத்திடவா அண்ணே?" என்று கேட்டான்.

"நிறுத்து," என்றேன்.

அங்கிருந்து நேரே சாமியாரிடம் சென்று, பிரெலூடையும் டிகாஸ்டாவே வாசிக்கட்டும் என்று கூறினேன். கால் கழுவிவிட்டு வாசலோடு திரும்ப எனக்கு விருப்பமில்லை. அவர், "கோபத்துல பேசாதே சவரி," என்றார். நான் கோபத்தில் பேசவில்லை.

பாஸ்குத் திருநாளன்று, ஆர்கன் பலகைக்கு வந்தபின் முதன்முறையாக, கீழே மக்களோடு நின்றேன். ரோசரி பெண்கள் பக்கத்திலிருந்து அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பூசை முடிந்தது, மேற்றிராணியார் ஆசி வழங்கிப் புறப்பட்டார், மேலே பிரெலூட் தொடங்கியது. டிகாஸ்டா நன்றாகவே வாசித்தான். அவன்மேல் எனக்குக் குறையொன்றுமில்லை. அது என் இடம் என்பதை அவனுக்கு எவரும் கூறியிருக்கமாட்டார்கள். குமிழ்கள் ஒவ்வொன்றும் உரிய இடத்தில் திறந்தன. நான் மூச்சைப் பிடிக்கும் இடங்கள் அவை. அவன் அவ்விடங்களில் மூச்சைப் பிடிப்பானோ, மாட்டானோ, நான் அறியேன். குமிழ்கள் என் மூச்சுக்கே திறந்தன.

பியூக் ஒரு மெல்லிய குரலில் எழுந்து, படிப்படியாக ஏறி, கடைசிப் பக்கத்தை அடைந்தது. காலடியில் கல்தளம் நடுங்கிற்று. அகன்ற பெருங்குழல்களில் கருத்து இரட்டிப்பு நீளத்தில் இறங்கி வந்தது. கறுப்புக் கட்டையின் ஒலி, நான் ஒருபோதும் எழுப்பாத ஒலி, உரிய இடத்தில் விழுந்தது. அவ்வேளையில் குனிந்து பார்த்தேன். காலைப் பார்க்கலாகாது என்ற விதி கீழே நிற்பவனுக்கு இல்லை. என் இடக்கால் கல்தளத்தின்மேல் தானாக நகர்ந்து, வலக்காலின் பின்னால் சென்று, ஒரு கட்டை தள்ளி அழுத்திக்கொண்டிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சாரங்கபாணி காத்திருந்தார். சட்டையின் கைகளை இன்னும் மடித்தே வைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் நீர்தான் வாசிக்கணும். நான் நிக்கறேன், ஓய். தப்பா வெச்சா அந்த க்ஷணமே சொல்றேன். பெருமாள் சத்தியமா."

"நீங்க சரின்னு சொன்னா, அது எந்தச் சரின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?" என்று கேட்டேன்.

நான் அதனை ஏசுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டேன். அவர் மடித்திருந்த சட்டைக் கைகளை இறக்கிவிட்டார். ரோசரி அருகில் வந்து, "வாங்க போகலாம், வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க," என்றாள். அவரைப் பார்த்து, "நீங்களும் போய்க் குளிக்கணும்ல," என்றாள். அவர் ஆற்றை நோக்கி நடந்தார்.

மறு ஆண்டு தவக்காலத்தில் நான் மறுபடி மாடத்திற்குச் சென்றேன். பெரிய கடைத்தெருவில் ஹபீபுல்லா கடையில் நாவிதர்கள் வாங்கும் நீளக் கண்ணாடி ஒன்றை வாங்கி, இசைத்தாளின் அருகே, காற்கட்டைகள் தெரியுமாறு சாய்த்து வைத்தேன். தாளிலிருந்து கண்ணைச் சிறிதே திருப்பினால் என் கால்களை நானே காணலாம். வாத்தியாரின் விதிக்கு இது புறம்பானதன்று என்று தீர்மானித்தேன், நான் குனியவில்லை. பழைய தவறைக் காலிலிருந்து பிடுங்க அந்தத் தவக்காலமும் அதற்கடுத்த தவக்காலமும் தேவைப்பட்டன. இப்போது இடக்கால் கறுப்புக் கட்டையில்தான் அமர்கிறது. இதனை எவர் சொல்லியும் நான் அறியவில்லை, கண்ணால் கண்டேன்.

ஆயினும் அந்தப் பியூகை நான் பூசையில் வாசித்ததில்லை. அதற்கு இடப்பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பங்கில் ஒருவர் இருவர் தாமே முன்வந்தனர், நல்லவர்கள்தாம். அவர்கள் அருகில் நின்றபோது, குமிழை இழுக்கும் கையைக் கவனிப்பதற்கே என் கண் சென்றது. தாளில் இடம் தவறிற்று. ஆகவே தனியாகவே பழகுகிறேன். கண்ணாடியில் என் இரு கால்களும் தெரிகின்றன. பலகையின் இடப்பக்கத்துத் தரையும் தெரிகிறது. முதற்குரலைத் தொடங்குகிறேன். மரத்தோடு மரம் தட்டுகிறது.